அணைந்த எரிமலைகளின் நாட்டில்: புரிராம் பயண நாட்குறிப்பு

வியாழன்: பாங்காக்கிலிருந்து வடகிழக்கே

தாய்லாந்துக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் பாங்காக், பட்டாயா, புக்கெட் என்று சுற்றிவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். கோயில்களில் நாட்டமுள்ளவர்கள் எல்லையைக் கடந்து கம்போடியாவின் அங்கோருக்குப் போகிறார்கள். கெமர் அரசின் தலைநகரான அங்கோரையும், வடக்கே அதன் பெரிய சமய மையமாக இருந்த பிமாயையும் இணைத்த பழைய பெருவழி இன்றைய புரிராம் மாகாணத்தின் ஊடாகச் சென்றது. அந்த வழியோரத்தில் கட்டப்பட்ட சிவன் கோயில்கள் இன்றும் நிற்கின்றன என்பதே என்னை அங்கு இழுத்துச் சென்ற காரணம்.

பாங்காக்கின் புதிய மத்திய ரயில் நிலையத்திலிருந்து உபோன் செல்லும் வண்டியில் ஏறினேன். சரபுரியைத் தாண்டியதும் இருப்புப்பாதை காட்டு மலைகளில் ஏறி, கோராத் மேட்டுநிலத்தில் இறங்காமல் அப்படியே தங்கிவிடுகிறது. அதற்கப்பால் பார்வைக்குத் தடையே இல்லை. அறுவடை முடிந்த வயல்கள், வரப்போரத்தில் தனித்து நிற்கும் பனைகள், சேற்றுக் குட்டைகளில் எருமைகள் என்று மணிக்கணக்கில் ஒரே காட்சிதான். டிசம்பர் மாதமாகையால் வண்டிக்குள் வந்த காற்று பகலிலும் குளிர்ந்தே இருந்தது.

இந்த மாகாணம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் அரசு வாசகத்தில் கற்கோயில்களும் எரிமலைகளும் பட்டும் அடுத்தடுத்து வருகின்றன. எரிமலை என்றதும் புகையும் சிகரத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. சில லட்சம் ஆண்டுகளுக்கு முன் குழம்பைக் கக்கி அணைந்துபோன குன்றுகள் இவை. தட்டையான வயல்வெளிக்கு நடுவே காடு மூடிய திட்டுகளாக ஆங்காங்கே தெரிகின்றன. புரிராமில் பார்க்கத்தக்கவற்றில் பலவும் ஏதோ ஒரு வகையில் இந்தக் குன்றுகளைச் சார்ந்தவை.

புரிராம் நகரில் இறங்கிய மாலையில் கோயில்களை நினைக்க முடியவில்லை, பசி. நிலையத்தின் வாசலிலேயே இறைச்சி உருண்டைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இந்த மாகாணத்தில் பிறந்த பாடகி லிசா, கொரியாவின் பிளாக்பிங்க் குழுவில் உலகப் புகழ் பெற்றபின், 2021-இல் ஒரு நேர்காணலில் இந்த உருண்டைகளை ஏங்கி நினைவுகூர்ந்தார். அதன் பின் நாடெங்கிலுமிருந்து ஆட்கள் இந்தக் கடைகளைத் தேடி வரத் தொடங்கினர். உட்கார இடம் கிடையாது. கண்ணாடிப் பெட்டி வைத்த தள்ளுவண்டியைச் சுற்றி நின்றபடியே, எண்ணெயில் பொரிந்த உருண்டை கோத்த குச்சியை எடுத்து, புளியும் மிளகாயும் கலந்த சாற்றில் தோய்த்து, கோசும் வெள்ளரியும் கடித்துக்கொண்டு சாப்பிட வேண்டும். முடித்தபின் வெறும் குச்சிகளை எண்ணிக் காசு வாங்குகிறார்கள். உருண்டையைவிட அந்தச் சாறுதான் கடைக்குக் கடை மாறுகிறது. என் நாக்குக்கு நம்மூர்ப் புளிக்காய்ச்சலில் சர்க்கரை கூடிப்போனதுபோல இருந்தது.

வெள்ளி: பனோம் ரூங்

நகரிலிருந்து தெற்கே நாங் ரோங் என்னும் சிற்றூர் வழியாகப் பனோம் ரூங் மலைக்கோயிலை அடையலாம். மலையடிவாரம் வரை பேருந்து உண்டு. அதன் பிறகு வாடகை இருசக்கர வண்டியையோ காரையோ நம்ப வேண்டும். நான் ஓட்டுநருடன் ஒரு காரை அமர்த்திக்கொண்டேன். ஐம்பது வயதைக் கடந்த அந்த அம்மையார் வீட்டில் கெமர் மொழியும் வெளியில் தாய் மொழியும் பேசுபவர். மாகாணத்தின் தென்பகுதியில் இப்படிப்பட்ட குடும்பங்கள் ஏராளம். லாவோ மொழி பேசுபவர்களும் கூய் மக்களும் கோராத் தாய் பேசுபவர்களும் இதே மாகாணத்தில் அருகருகே வாழ்கிறார்கள்.

கடல் மட்டத்திலிருந்து 402 மீட்டர் உயரமுள்ள அணைந்த எரிமலையின் விளிம்பில் கோயில் அமைந்திருக்கிறது. 10-ஆம் நூற்றாண்டில் எழுந்த செங்கற்கோயில்களின் அடித்தளங்கள் வளாகத்துக்குள் இன்னமும் கிடக்கின்றன. நாம் இப்போது காணும் நடுக்கோயிலை 12-ஆம் நூற்றாண்டில் கட்டுவித்தவர், அங்கோர் வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மனின் உறவினரான நரேந்திராதித்யர். மன்னனுக்காகப் போர் புரிந்து, பின்னர் அனைத்தையும் துறந்து இம்மலையில் தவசியாக வாழ்ந்தவர் அவர் என்று அவருடைய மகன் இரணியன் பொறித்த வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. 

வாகன நிறுத்தத்திலிருந்து பின்வாசல் வழியாக நேரே கோயிலுக்குள் நுழைந்துவிட முடியும். அவ்வாறு செய்ய வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். கிழக்கே இறங்கிச் சென்று, கீழ்நிலை மேடையிலிருந்து தொடங்க வேண்டும். அங்கிருந்து 160 மீட்டர் நீளத்துக்குச் செம்புரைக்கல் பாவிய நடைபாதை நேர்கோடாகச் செல்கிறது. இருமருங்கிலும் தாமரை மொட்டு முடி தரித்த மணற்கல் தூண்கள். பாதை முடியும் இடத்தில் ஐந்தலை நாகங்களைக் கைப்பிடிச் சுவராகக் கொண்ட ஒரு கற்பாலம். அதன் நடுத்தளத்தில் எட்டு இதழ்த் தாமரை ஒன்றைக் கோடுகளால் கீறியிருக்கிறார்கள். பலர் அதன் மேலேயே நின்று படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பாலத்தைக் கடந்தால் செங்குத்தான படிக்கட்டு. படியேறும்போது கோபுரம் கண்ணுக்கு மறைந்துபோய், மேல்தளத்தை எட்டியதும் திடீரென்று முழுதாக எழுந்து நிற்கிறது. கட்டியவர்கள் இதை வேண்டுமென்றே திட்டமிட்டிருக்க வேண்டும்.

கிழக்கு வாயில் மண்டபத்தின் முகப்பில் யோகி ஒருவர் அமர்ந்திருக்கிறார். தவக்கோலச் சிவன் என்று சிலரும், நரேந்திராதித்யரே என்று சிலரும் கூறுகின்றனர். ஒரே சிற்பத்தில் இருவரையும் காட்ட நினைத்திருந்தாலும் வியப்பில்லை. அதைக் கடந்து நடுக்கோயிலின் கிழக்கு வாயிலை அடைந்தேன். இளஞ்சிவப்பு மணற்கல்லால் ஆன அந்த வாயிலின் முன் மட்டும் அரைமணி நேரத்துக்கு மேல் நின்றேன்.

நிலைக்கு மேலே உத்தரக்கல். அதற்கும் மேலே அலை அலையாக விளிம்பு வளைந்த முகப்புக்கல். முகப்பில் பத்துக் கரங்களுடன் சிவன் ஆடுகிறார். தில்லைக் கூத்தனின் தூக்கிய திருவடியையும் சுடர் வட்டத்தையும் இங்கே தேடக் கூடாது. கால்கள் இரண்டும் முழங்காலில் மடங்க, உடல் தாழ்ந்து, கைகள் விசிறியாக விரிந்திருக்கும் கூத்து இது. காலடியில் விநாயகரும் பிரமனும் திருமாலும் இருக்கிறார்கள். உடன் இரண்டு பெண்ணுருவங்களும் உண்டு. அவற்றுள் ஒன்று காரைக்கால் அம்மையார் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. அங்கோர் அருகிலுள்ள பந்தேய் ஸ்ரீ கோயிலில், ஆடும் சிவனின் பக்கத்தில் வற்றிய முலையும் எலும்பு தெரியும் உடலுமாக அமர்ந்திருக்கும் அம்மையாரை எவரும் எளிதில் அடையாளம் கண்டுகொள்வர். இங்கே கல் தேய்ந்திருப்பதால் நான் உறுதி சொல்லமாட்டேன். ஆயினும் 'அடியின்கீழ் இருக்க' என்று கேட்டுப் பெற்றவரின் கதை கடல் கடந்து மேக்கோங் நாடுகள் வரை வந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை.

கூத்தனுக்குக் கீழே உத்தரக்கல்லில் பள்ளிகொண்ட பெருமாள். அனந்தன் மீது ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். அனந்தனைத் தாங்கி நீண்டுகிடப்பது யாளியும் முதலையும் கலந்தாற்போன்ற ஒரு நீர்விலங்கு. திருவடியைத் தாங்கியபடி திருமகள். மேலெழும் தாமரைத் தண்டின் நுனியில் பிரமன். ஓரத்தில் கிளிகளை ஒரு சிற்பி மிகுந்த பிரியத்துடன் செதுக்கியிருக்கிறார். சிவன் கோயிலின் தலைவாயிலில் திருமால் துயில்கொள்வது நம் ஆகமப் பழக்கத்தில் வளர்ந்த கண்ணுக்குப் புதிதாகத் தோன்றலாம். கெமர் சிற்பிகளுக்கு அதில் தயக்கம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. உலகம் ஒடுங்குவதை மேலே ஆடலாகவும், மறுபடி தோன்றுவதைக் கீழே துயிலாகவும் ஒரே வாயிலில் அடுக்கியிருக்கிறார்கள் என்றே நான் படித்துக்கொண்டேன்.

இந்த உத்தரக்கல் ஒரு முறை அமெரிக்கா போய்த் திரும்பியது. 1960-களின் தொடக்கத்தில் இடிபாடுகளுக்கிடையே கிடந்தபோது அதைப் படமெடுத்திருந்தார்கள். சில ஆண்டுகளில் அது காணாமற்போனது. உடைந்த ஒரு துண்டு பாங்காக்கில் அகப்பட்டது. பெரும்பகுதியோ சிகாகோ கலைக்கழக அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. தாய்லாந்தின் கலை வரலாற்றறிஞரான இளவரசர் சுபத்ரதித் திஸ்குல் அதை அங்கே கண்டு அடையாளம் காட்டினார். மீட்டுத் தரும்படி கேட்டும் நெடுங்காலம் நடக்கவில்லை. 1971-இல் தொடங்கிய கோயில் சீரமைப்பு 1988-இல் நிறைவடையும் நிலையில், வாயிலில் மட்டும் அந்த இடம் வெறுமையாக இருப்பது நாடு முழுவதும் ஒரு கிளர்ச்சியாக மாறியது. அந்த ஆண்டின் இறுதிக்குள் கல் திரும்பி வந்து தன் இடத்தில் ஏறியது. சிதைந்துபோன ஓர் ஓரத்தை வெற்றுக் கல்லால் நிரப்பியிருக்கிறார்கள். செதுக்கிப் போலி செய்யாமல் விட்டது நல்ல முடிவு.

கருவறையில் லிங்கம் இருக்கிறது. முன்மண்டபத்தில் நந்தி படுத்திருக்கிறது. அபிடேக நீர் வெளியேறும் கல்வாய்க்கால் தரையோடு வடக்கு நோக்கிச் செல்கிறது. பூசை கிடையாது, ஆனாலும் லிங்கத்தின் முன் யாரோ வைத்த சாமந்தி மாலையும் ஊதுவத்திச் சாம்பலும் இருந்தன. என்னுடன் வந்த ஓட்டுநர் அம்மையார் செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று முறை கும்பிட்டார். புத்த சமயத்தவர் எப்படி என்று நான் கேட்கவில்லை. அவருக்கு அது கேள்வியாகவே தோன்றியிருக்காது.

வாயில்கள் 15, கிழக்கு மேற்காக ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கின்றன. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்தை ஒட்டியும் காலைக் கதிரவன், மார்ச், அக்டோபர் மாதங்களின் தொடக்கத்தில் மாலைக் கதிரவன், அத்தனை வாயில்களையும் ஊடுருவித் தெரியும். அந்நாட்களில் விடியுமுன்பே பெருங்கூட்டம் கூடிவிடும் என்றும், ஏப்ரல் திருவிழாவில் ஊர்வலமும் நடனமும் உண்டென்றும் சொன்னார்கள். கூட்டமில்லாத டிசம்பரில் வந்ததை நான் பெரிதாக இழப்பென்று எண்ணவில்லை. பிற்பகலில் பள்ளிச் சிறுவர் கூட்டம் ஒன்று வந்து போனபின், மேற்குப் பக்கத்து இராமாயணக் காட்சிகளைப் பார்க்க என்னையும் ஒரு பெருக்குபவரையும் தவிர வேறு எவரும் இல்லை. நாகபாசத்தால் கட்டுண்ட இராம இலக்குவரைச் சுற்றிக் குரங்குகள் தவிக்கும் காட்சியை அவசியம் பார்க்க வேண்டும்.

இரவு நாங் ரோங்கில் தங்கினேன். பன்றிக்கால் குழம்புக்குப் பேர்போன ஊர். அதைத் தவிர அங்கே குறிப்பிட ஒன்றுமில்லை.

சனி: முவாங் தாம்

பனோம் ரூங்கிலிருந்து 8 கிலோமீட்டர் தொலைவில், சமவெளியில் இருக்கிறது முவாங் தாம். பெரும்பாலான பயணிகள் மலைக்கோயிலில் களைத்து, இதை அரைமணி நேரத்தில் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கோயில் இது. செம்புரைக்கல் மதிலுக்குள் நுழைந்ததும் நான்கு மூலைகளிலும் 'ட' வடிவில் மடங்கிய நான்கு குளங்கள். அவற்றினூடே நான்கு திசைகளிலிருந்தும் உள்ளே செல்லும் வழிகள். குளக்கரை படிப்படியாகச் செம்புரைக்கல்லால் இறங்குகிறது. கரையின் மேல்விளிம்பே ஒரு நாகத்தின் உடல். ஒவ்வொரு மூலையிலும் அது ஐந்து தலைகளை நிமிர்த்திப் படமெடுக்கிறது. பனோம் ரூங் நாகங்களின் தலையில் மகுடமும் அணியும் செறிந்திருக்கும். இவை ஒரு நூற்றாண்டு மூத்தவை. வழுவழுவென்ற மொட்டைத் தலைகள். நகையில்லாத இந்தத் தலைகளில்தான் பாம்பு பாம்பாகத் தெரிகிறது. குளத்தில் இளஞ்சிவப்பு அல்லிகள் பூத்திருந்தன. ஒரு மூலையில் அமர்ந்து பார்த்தால் நாகம், அல்லி, மதில், அதற்குப் பின்னால் கோபுரம் என்று நான்கும் நீரில் தலைகீழாக விழுகின்றன.

உள்ளே ஒரே மேடையில் ஐந்து செங்கற்கோபுரங்கள்: முன்வரிசையில் மூன்று, பின்வரிசையில் இரண்டு. முன்வரிசையின் நடுவிலிருந்த தலைமைக் கோபுரம் இடிந்துபோய் அடித்தளம் மட்டுமே இருக்கிறது. ஆகவே கோயிலின் மையத்தில் வானம்தான் தெரிகிறது. மற்ற கோபுரங்களின் உத்தரக்கற்களில் சிலவற்றை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை; ஏறத்தாழ முகத்துக்கு நேராகவே பார்க்கலாம். முன்வரிசை வடகோபுரத்தில் சிவனும் உமையும் விடையேறி வருகிறார்கள். பின்வரிசையில் ஒன்றில் கண்ணன் கோவர்த்தன மலையை ஒரு கையால் தாங்கி நிற்கிறான். கீழே பசுக்களும் ஆயர்களும் நெருக்கியடித்துக்கொண்டு ஒதுங்குகிறார்கள். இன்னொன்றில் வருணன் அன்னத்தின் மேல் அமர்ந்திருக்கிறார். மழையைத் தடுத்தவனும் மழைக்குரியவனும் அருகருகே வந்தது தற்செயலோ அல்லவோ, இவ்வளவு நீர் சூழ்ந்த கோயிலுக்கு அது பொருந்தத்தான் செய்கிறது.

மதிலுக்கு வெளியே, வடக்கே சாலையைக் கடந்தால், ஒரு கிலோமீட்டருக்கும் கூடுதலான நீளமுள்ள பழைய ஏரி. கெமர் ஆட்சியில் ஊர் என்றால் கோயிலும் ஏரியும் சேர்ந்ததே. மலையிலிருந்து வழியும் மழைநீரைத் தேக்கி வைத்தால்தான் ஆண்டில் பாதி வறண்டு கிடக்கும் இந்தப் பூமியில் குடியிருக்க முடியும். இன்றும் அந்த ஏரியில் நீர் நிற்கிறது. இரண்டு பேர் மார்பளவு நீரில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏரியின் பக்கத்தில், கோக் முவாங் கிராமத்தை ஒட்டி, மரங்களுக்கிடையே ஒரு சிறு கற்கட்டடம் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சிக்கு வந்த ஏழாம் செயவர்மன் தன் நாடெங்கும் 102 மருத்துவமனைகளை நிறுவியதாக அங்கோரின் தா புரோம் கல்வெட்டு கூறுகிறது. அவற்றில் ஒன்றன் வழிபாட்டிடம் இது. நோயாளிகள் தங்கிய மரக்கட்டடங்கள் மக்கி மறைந்துவிட்டன. நோய் தீர்க்கும் புத்தரான பைசச்யகுருவுக்கு எடுத்த கற்கோயிலும், அதன் பக்கத்திலுள்ள படிக்கட்டுக் குளமும் மட்டும் எஞ்சியிருக்கின்றன. அதே மன்னன் பெருவழிகளில் கட்டிய 121 தங்குமனைகளைப் பிரியா கான் கல்வெட்டு எண்ணிச் சொல்கிறது. அங்கோர், பிமாய் வழியில் மட்டும் 17. அவற்றுள் ஒன்றைப் பக்கத்து ஊரான பான் பூவில், ஒரு பள்ளிக்கூட வளாகத்துக்குள் பார்த்தேன். நீண்ட செம்புரைக்கல் கூடத்தின் இடிந்த சுவர்கள். விடுமுறை நாளாதலால் பந்தாட்டத் திடலில் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. பனோம் ரூங், முவாங் தாம், அருகிலுள்ள பிளாய் பாட் மலைக்கோயில்கள் ஆகியவற்றை உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கக் கோரும் உத்தேசப் பட்டியலில் தாய்லாந்து 2019-இல் சேர்த்தது. இந்தச் சத்திரங்களையும் மருத்துவமனைகளையும் விட்டுவிட்டுக் கோயில்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு, அந்தப் பெருவழியில் நடந்தவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாமற் போய்விடும்.

ஞாயிறு: மண்ணும் நூலும் கொக்கும்

காலையில் காவோ பிரா அங்கான் குன்றுக்குப் போனோம். அதுவும் ஓர் எரிமலையே. உச்சியில் உள்ள புத்த மடம் 1970-களில் புதிதாகக் கட்டப்பட்டது. பல நாட்டுப் பாணிகளைக் கலந்து, கண்ணைப் பறிக்கும்படி பூசியிருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அதைச் சுற்றி நட்டிருக்கும் மணற்கல் எல்லைக்கற்கள் துவாரவதிக் காலத்தவை, அதாவது பனோம் ரூங்குக்கும் முற்பட்டவை. சிலவற்றில் தாமரை ஏந்தி நிற்கும் உருவங்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் தங்க நிறப் பூச்சடித்து வைத்திருப்பதைப் பார்க்கச் சற்று வருத்தமாக இருந்தது.

அங்கிருந்து பான் சரோன் சுக் கிராமம். எரிமலை மண்ணில் சாயமேற்றும் துணிக்கு இவ்வூர் பெயர் பெற்றது. வீட்டு முற்றத்திலேயே வேலை நடக்கிறது. செந்நிற மண்ணைத் தண்ணீரில் கரைத்து, கல்லும் வேரும் போக வடிகட்டி, தொட்டியில் ஊற்றி வைத்திருக்கிறார்கள். மரப்பட்டை வேகவைத்த சாயநீரில் நூற்சிட்டத்தைத் தோய்த்துப் பின் மண்ணீரில் இட்டுப் பிசைகிறார்கள். கையால் பிசைவதே வேலையின் பெரும்பகுதி. நூலின் நடு வரை மண் ஏற வேண்டும். மண்ணிலுள்ள இரும்பே நிறத்தைப் பிடித்துக்கொள்ள உதவுகிறது. தொட்டியிலிருந்து எடுக்கும்போது வெறும் சேறாகத் தெரியும் நூல், அலசி நிழலில் உலர்ந்தபின் சிவப்பு கலந்த மங்கலான பழுப்பாகிறது. துணி தொடுவதற்கு மென்மையாக இருக்கிறது. பேரம் பேசத் தோன்றவில்லை; ஒரு துண்டை வாங்கிக்கொண்டேன்.

நெல்லுக்கும் இந்த மண்ணையே காரணம் சொல்கிறார்கள். காவ் தோக் மாலி 105 என்னும் மணமுள்ள அரிசி வகை தாய்லாந்தில் 1959-இல் அங்கீகரிக்கப்பட்டது. பகற்பொழுது குறையும்போது மட்டுமே பூக்கும் இயல்புடையதால் எப்போது நட்டாலும் நவம்பர் வாக்கில்தான் அறுவடை. வடகிழக்கு என்றாலே ஒட்டரிசிச் சோறு என்று நினைத்திருந்த எனக்கு, கெமர் மொழி பேசும் வீடுகளில் இந்த உதிரிச் சோற்றையே பரிமாறுகிறார்கள் என்பது புதிய செய்தி. மதிய உணவில் அதனுடன் பிரகோன் சாய் ஊரின் குங் ஜோம் வந்தது: ஏரிச் சிற்றிறாலை மீன்சாறிலும் வறுத்த அரிசிப்பொடியிலும் புளிக்க வைப்பது. முதல் வாய்க்கு மூக்கைச் சுருக்க நேர்ந்தாலும், இரண்டாம் வாய்க்குச் சோறு போதவில்லை.

மாலையில் ஹுவாய் சோரகே மாக் நீர்த்தேக்கத்துக்குப் போனோம். தாய்லாந்தின் வயல்வெளிகளில் சாரசப் பெருங்கொக்குகள் ஒரு காலத்தில் சாதாரணமாகத் திரிந்தன. சதுப்புகள் வயல்களாகி வேட்டையும் சேர்ந்ததால் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் காட்டில் ஒன்றுகூட இல்லாமற்போயிற்று. கோராத் உயிரியல் பூங்காவில் வளர்த்த குஞ்சுகளை 2011 முதல் இந்த நீர்நிலைகளில் விடத் தொடங்கினார்கள். மனிதரைத் தாயென்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, கொக்கின் தலை போலச் செய்த கைப்பாவையாலும் உடல் மறைக்கும் அங்கியாலும் குஞ்சுகளுக்கு இரை ஊட்டியிருக்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவை இதுவரை விடுவிக்கப்பட்டு, அவற்றுள் சில நெல்வயலிலேயே கூடு கட்டிக் குஞ்சும் பொரித்திருக்கின்றன. கூடு கட்டிய வயலில் பூச்சிமருந்து அடிக்க முடியாது. ஆகவே கொக்கின் பெயரைப் போட்டு இயற்கை அரிசியாக விற்கும் ஏற்பாட்டுக்கு உழவர்கள் வந்திருக்கிறார்கள். கொக்குக்காகக் கொஞ்சம் விளைச்சலை இழப்பவருக்குக் கூடுதல் விலை கிடைத்தால்தான் இந்தக் கணக்கு நேராகும்.

கோரைப் புல்லுக்கு அப்பால் இரண்டு நின்றிருந்தன. ஆளுயரப் பறவை, சாம்பல் உடலும், சிவந்த வெற்றுக் கழுத்தும் தலையும். தொலைநோக்கியில் பார்த்தபோது ஒன்றன் காலில் வண்ண வளையம் தெரிந்தது, மற்றொன்றில் இல்லை. வளையமில்லாதது இங்கேயே பிறந்ததாக இருக்கலாம் என்று காவலர் சைகையால் உணர்த்தினார்.

திங்கள்: காவோ கிரதோங்கும் புதிய புரிராமும்

நகருக்குத் திரும்பும் வழியில் சனுவான் நோக் என்னும் பட்டு நெசவுக் கிராமத்தில் இறங்கினேன். மூங்கில் தட்டுகளில் புழுக்கள் முசுக்கொட்டை இலையைத் தின்னும் ஓசை மழைத்தூறல் போலக் கேட்கும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பக்கத்து வீட்டு வானொலிதான் கேட்டது. இவ்வூரின் சிறப்பு அணில்வால் பட்டு. வேறு வேறு நிறமுடைய இரண்டு இழைகளை முறுக்கி ஒன்றாக்கிய பின்பே ஊடைநூலாகத் தறியில் கொடுக்கிறார்கள். அதனால் துணியில் நேர்க்கோடாக இல்லாமல், மயிர் சிலிர்த்தாற்போன்ற ஒரு மினுக்கம் ஓடுகிறது. கூட்டை வேகவைத்து இழை எடுத்தபின் மிஞ்சும் புழுவை உப்புப் போட்டு வறுத்துத் தந்தார்கள். வேர்க்கடலையை ஒத்த சுவை.

காவோ கிரதோங் நகரின் ஓரத்திலேயே இருக்கிறது. 265 மீட்டர் உயரம். எரிமலை வாய் தெளிவாகத் தெரிவது இங்கேதான். நாகக் கைப்பிடியுள்ள 297 படிகள் ஏறினால் உச்சியில் பெரிய புத்தர் சிலை. வண்டியில் போகப் பாதையும் உண்டு. எரிமலை வாய் என்பது இப்போது மரங்கள் அடர்ந்த ஆழமான கிண்ணம். விளிம்பில் கிடக்கும் கருங்கற்கள் குமிழிக் குமிழியாகத் துளைபட்டிருப்பதைப் பார்த்தால்தான் இது ஒரு காலத்தில் கொதித்தது என்று நம்ப முடிகிறது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அளவுக்கு எதிர்பார்த்த கனம் இல்லை.

உச்சியிலிருந்து பார்த்தால் வயல்களுக்கு நடுவே கால்பந்தரங்கமும் பந்தயத் தடமும் தெரிகின்றன. உள்ளூர் அரசியல்வாதியான நெவின் சித்சோப், வேறொரு மாகாணத்தைச் சேர்ந்த கால்பந்துச் சங்கத்தை வாங்கிப் புரிராம் யுனைடெட் ஆக்கி, 2011-இல் 32,600 பேர் அமரும் அரங்கைக் கட்டினார். சங்கம் நாட்டின் முதன்மைப் பட்டத்தை மீண்டும் மீண்டும் வென்றது. 2014-இல் பக்கத்திலேயே பந்தயத் தடம் திறக்கப்பட்டு, 2018 முதல் மோட்டோஜிபி மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கிறது. அந்த வாரம் விடுதி வாடகை பல மடங்காகும் என்பதால், கோயில் பார்க்க வருபவர்கள் தேதியைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சங்கத்தின் சின்னத்தில் பனோம் ரூங் கோபுரம் இருக்கிறது. அரங்கக் கடையில் அந்தச் சட்டையை வாங்கிக்கொண்டிருந்த கூட்டம், வெள்ளிக்கிழமை கோயிலில் நான் கண்டதைவிடப் பெரியது.

செவ்வாய்: பாங்காக், தேசிய அருங்காட்சியகம்

திரும்பும் ரயில் லாம் பிளாய் மாட் நிலையத்தைக் கடந்தபோது ஒன்றைப் பார்த்தே தீர்வதென்று முடிவு செய்தேன். அவ்வட்டத்திலுள்ள ஒரு கிராமத்தில் 1970-களில் தோண்டியெடுக்கப்பட்டு, வணிகர் கைமாறி, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தை அடைந்த பொன்முலாம் பூசிய செப்புப் படிமம் 2024 மே மாதம் தாய்லாந்துக்குத் திரும்பியது. 'தங்கப் பையன்' என்று செய்தித்தாள்கள் அழைத்த அது, பாங்காக் தேசிய அருங்காட்சியகத்தில் தனி மேடையில் நிற்கிறது.

உயரம் ஏறத்தாழ 129 சென்டிமீட்டர். ஒரு கை முன்னே நீண்டு, மறு கை சற்றுத் தாழ்ந்து, எதையோ தருவதற்கும் பெறுவதற்கும் இடைப்பட்ட நிலையில் இருக்கிறது. இடையில் கட்டிய ஆடையின் மடிப்புகள் மெல்லிய வரிகளாக ஓடுகின்றன. நீண்ட காலம் நின்ற கோலச் சிவன் என்றே அமெரிக்காவில் பெயரிட்டிருந்தார்கள். நெற்றிக்கண் இல்லை, கையில் சின்னம் ஏதுமில்லை. கெமர் மன்னன் ஆறாம் செயவர்மனின் உருவமாக இருக்கலாம் என்று தாய்லாந்து அறிஞர் பலர் கருதுகின்றனர். அம்மன்னன் மகீதரபுர மரபினன். பனோம் ரூங்கைக் கட்டிய நரேந்திராதித்யரும் அதே மரபினர்.

காவலர் அனுமதித்த தூரத்திலிருந்து நாற்புறமும் சுற்றிப் பார்த்தேன். பின்புறத்தில் பொன் உதிர்ந்து செம்பு கறுத்திருக்கிறது. இங்கே பாதுகாப்பும் ஒளியும் குறைவின்றி இருக்கின்றன, பார்வையாளர்களும் நிறைய. இருந்தாலும் ஆறாம் செயவர்மனோடு தொடர்புடைய பிமாயிலேயே ஒரு தேசிய அருங்காட்சியகம் இருக்கும்போது, கிராமத்தார் ஒரே நாளில் போய்ப் பார்த்து வரக்கூடிய அந்த இடத்தை விட்டுவிட்டுத் தலைநகரில் நிறுத்தியிருப்பது எனக்கு ஒப்பவில்லை.